‘போஷ்’ என்னும் உரைகல்: எட்டிமான்லைன் சொற்பிறப்பு அகராதி, ஒரு மதிப்புரை

ஆங்கிலச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, ‘போஷ்’ என்ற அடைமொழி வந்த இடத்தில் என் வேலை இரண்டு நாள் நின்றுபோனது. சொல் புதியதன்று, சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் முதல் புதிதாகத் திறந்த உணவகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வரை ‘போஷ் ஏரியா’, ‘போஷான இடம்’ என்று எல்லாரும் எடுத்தாளுகிற சொல்தான். ஆனால் கதையில் அது ஒரு பெண்ணின் பேச்சுமுறையைக் குறித்தது. ‘ஆடம்பரமான பேச்சு’ என்றால் அலங்காரப் பேச்சாகிவிடுகிறது. ‘மேட்டுக்குடிப் பேச்சு’ என்றால் கட்டுரை வாடை அடிக்கிறது. ‘பணக்காரப் பேச்சு’ என்றால் அவள் பணத்தைப் பற்றிப் பேசினாள் என்று படித்துவிட இடமுண்டு. பிரித்தானியர் வாயில் அந்தச் சொல் வரும்போது அதில் வர்க்கம் இருக்கிறது, கொஞ்சம் கேலி இருக்கிறது, அந்தக் கேலிக்கு அடியில் கொஞ்சம் ஏக்கமும் இருக்கிறது. சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் தமிழில் அதற்கொரு வழி கிடைக்கும் என்று நினைத்தேன். அப்படித் தேடியதில், பல ஆண்டுகளாக மேலோட்டமாக மட்டுமே புரட்டிவந்த எட்டிமான்லைன் என்ற இணைய அகராதியை முதன்முறையாக ஊன்றிப் படிக்க நேர்ந்தது. இந்த மதிப்புரை அதைப் பற்றியது.

முதலில் நான் திறந்தது அந்த அகராதியை அன்று. ஆண்டுச் சந்தா கட்டி என் கைப்பேசியில் வைத்திருந்த சொல்வளச் செயலி ஒன்று (பெயர் வேண்டாம்) ‘போஷ்’ என்று தட்டியதும் ஒரு கப்பல் படத்துடன் கதையைத் தயாராக நீட்டியது. பிரித்தானியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த பி அண்ட் ஓ கப்பல்களில், போகும்போது இடப்புற அறைகளும் திரும்பும்போது வலப்புற அறைகளும் வெயில் படாதவை. வசதி படைத்தவர்கள் கூடுதல் பணம் கொடுத்து அவற்றை எடுத்தார்கள். ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்’ என்பதன் முதலெழுத்துகள் அவர்களுடைய பயணச்சீட்டில் முத்திரையாகக் குத்தப்பட்டன. அதுவே ‘போஷ்’ ஆயிற்று. கேட்பதற்குக் கச்சிதமான கதை. ‘சொல்லப்படுகிறது’ என்ற ஒரு சொல்லைக்கூட அந்தச் செயலி இடையில் வைக்கவில்லை. நானும் அதை நம்பி, இந்தியா சம்பந்தப்பட்டது ஆயிற்றே என்ற மகிழ்ச்சியில், நான்கு வரி அடிக்குறிப்பு ஒன்றை எழுதி வைத்துவிட்டேன்.

மறுநாள் எட்டிமான்லைனில் அதே சொல்லைப் பார்த்தபோது அந்த நான்கு வரியும் சரிந்தது. பதிவின் தொடக்கத்திலேயே ‘பிறப்பு தெரியவில்லை’ என்று இருந்தது. பாணியான, விலையுயர்ந்த என்ற பொருளில் இந்த அடைமொழி எழுத்தில் கிடைக்கும் காலம் 1914 என்று குறித்துவிட்டு, கப்பல் கதைக்குச் சான்று ஏதுமில்லை என்று அடுத்த மூச்சிலேயே சொல்லிவிடுகிறது. பிறகு தனக்கு ஓரளவு நம்பத் தகுந்ததாகத் தோன்றும் வழியைப் படிப்படியாக வைக்கிறது: 1890 அளவில் ‘போஷ்’ என்பது பகட்டாக உடுத்துகிறவனைக் குறித்த கொச்சைச் சொல், அதற்கு முன், 1830 அளவில், திருடர்களின் குழூஉக்குறியில் அது பணத்தைக் குறித்தது, அதற்கும் முன் அரைப் பென்னி போன்ற சில்லறைக் காசைக் குறித்திருக்கலாம், அது ரோமா மக்களின் ரோமானி மொழியில் ‘பாதி’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்திருக்கலாம். ஒவ்வொரு படியிலும் ‘இருக்கலாம்’ என்ற தயக்கம் தன் இடத்தில் நிற்கிறது. சில்லறைக் காசைக் குறித்த சொல் சீமான்களைக் குறிக்கும் சொல்லாக ஏறியிருக்கிறது என்றால், கப்பல் கதையைவிட இதுவே சுவையான கதை என்பேன்.

அகராதி அத்துடன் நிறுத்திக்கொள்ளாமல், பிரித்தானியப் படை வாழ்க்கையைப் பற்றிய 1914ஆம் ஆண்டு நூலிலிருந்து ஒரு வாக்கியத்தையும் எடுத்துக் காட்டுகிறது. அரசு கொடுத்த சீருடைக்குப் புறம்பான, அதைவிட உயர்ந்த ஆடைகளைக் குதிரைப்படை வீரர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அணிவார்கள் என்றும், அவற்றை அவர்கள் ‘போஷ்’ என்பார்கள் என்றும் அந்த வாக்கியம் சொல்கிறது. இந்த ஒரு மேற்கோள் எனக்கு எத்தனையோ விளக்கங்களைவிடப் பயன்பட்டது. சொல் கப்பலில் குளிர்ந்த அறையில் படுத்திருந்த சீமான்களிடமிருந்து வரவில்லை. விதிக்கு மேலே ஒரு பொத்தானையாவது கூடுதலாக மினுக்கிக்கொள்ள விரும்பிய சிப்பாய்களிடமிருந்து வந்திருக்கிறது. கீழேயிருந்து மேலே பார்க்கிற பார்வை, அந்தப் பார்வையில் உள்ள கேலி, ஏக்கம் எல்லாம் பிறந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டவை.

கப்பல் கதை இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணம் அதில் பாதி உண்மை இருப்பதுதான். பி அண்ட் ஓ நிறுவனம் உண்மை. 1840இல் அரச சாசனம் பெற்றது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் இந்தியப் பயணம் சுருங்கியதும் உண்மை. ஏடனிலிருந்து பம்பாய் நோக்கிக் கிழக்கே வரும் கப்பலுக்கு இடப்புறம் வடக்கு என்பதும், குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் என்பதும் பள்ளிப் புவியியல். ஆனால் மிகக் கொடிய வெப்பத்துக்குப் பேர்போன செங்கடலில் கப்பல் தென்கிழக்காக இறங்கும்போது இடப்புறம்தான் காலை வெயிலை முழுக்க வாங்கும் என்பதைக் கதை சொல்கிறவர்கள் கவனிப்பதில்லை. அந்த முத்திரை குத்திய ஒரே ஒரு பயணச்சீட்டுகூட இதுவரை கண்டெடுக்கப்படவில்லை என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய தடை. மேலும், முதலெழுத்துகளைக் கோத்துச் சொல்லாக்கும் வழக்கமே 20ஆம் நூற்றாண்டுக்கு முன் ஆங்கிலத்தில் மிக அரிது. அப்படிப்பட்ட சொற்களைக் குறிக்கும் ‘அக்ரோனிம்’ என்ற பெயர்கூட 1940களில்தான் புழக்கத்துக்கு வந்தது. வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து ‘நியூஸ்’ ஆனது என்று நம் பொது அறிவு நூல்களில் படித்து வளர்ந்தவர்கள் அனைவரும் (நானும் அதில் ஒருவன்) ஒருமுறை எட்டிமான்லைனில் அந்தச் சொல்லையும் பார்க்கலாம். புதியது என்று பொருள்படும் ‘நியூ’வின் பன்மைதான் அது, பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றியது, வேறொன்றுமில்லை.

இந்த அகராதியைத் தொடங்கியவர் டக்ளஸ் ஹார்ப்பர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர் நகரைச் சேர்ந்தவர், செய்தித்தாள் அலுவலகத்தில் பணியாற்றியவர். பல்கலைக்கழகம் ஒன்றின் பேரகராதித் திட்டமாக அல்லாமல், தனியொருவரின் பிடிவாதத்தால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வளர்ந்து வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி, கிளைன், பார்ன்ஹார்ட், வீக்லி ஆகியோரின் சொற்பிறப்பு நூல்கள் என்று தான் நம்பியிருக்கும் மூலங்களை ஹார்ப்பர் வெளிப்படையாகவே பட்டியலிட்டிருக்கிறார். ஆகவே இது கண்டுபிடிக்கும் அகராதி அன்று, தொகுக்கும் அகராதி. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. படிப்பதற்குச் சந்தா தேவையில்லை. கணினியிலும் கைப்பேசியிலும் ஒரே மாதிரி, ஒரு தேடல் கட்டமும் அதன் கீழே எழுத்துமாக, அலங்காரமின்றி இருக்கிறது.

‘போஷ்’ஷில் வழி இருண்டிருந்ததால், வழி தெளிவான ஒரு சொல்லையும் கொடுத்துப் பார்த்தேன். ‘பக்கா’ என்று நாம் சொல்லும் சொல் ஆங்கிலத்திலும் அசல், சிறந்த என்ற பொருளில் அடைமொழியாக வழங்குகிறது. அகராதி அதை இந்திச் சொல்லுக்கும், அங்கிருந்து சமைந்த, பழுத்த என்று பொருள்படும் சமஸ்கிருத ‘பக்வ’ என்பதற்கும் கொண்டுபோகிறது. நம்முடைய ‘பக்குவம்’ அதே ‘பக்வ’த்தின் வழி வந்தது என்பதைத் தமிழ் வாசகருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கே கொடுத்திருக்கும் இணைப்பை அழுத்தினால் ஒரு வேர்ப் பக்கம் திறக்கிறது. அதுதான் எட்டிமான்லைனின் மிகச் சிறந்த பகுதி. இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மூதாதை மொழியில் சமைத்தலைக் குறித்ததாக அறிஞர்கள் மீட்டெடுத்திருக்கும் வேர் ஒன்று. நேரடிச் சான்று இல்லாதது என்பதற்கு அடையாளமாகத் தலையில் ஒரு நட்சத்திரக் குறி. அதன் கீழே அந்த வேரின் சந்ததிகள். ‘குக்’ இருக்கிறது, ‘கிச்சன்’ இருக்கிறது, இருமுறை சுட்டது என்று பொருள்படும் ‘பிஸ்கட்’ இருக்கிறது, வயதுக்கு முந்திப் பழுத்த பிள்ளையைக் குறிக்கும் ‘பிரிகோஷஸ்’ இருக்கிறது, கொதிக்கவைத்து இறக்கிய ‘டிகாக்ஷன்’ இருக்கிறது. காலையில் டிகாக்ஷன் பக்குவமாக இறங்கவில்லை என்று அலுத்துக்கொள்ளும் வீட்டில் ஒரே வாக்கியத்துக்குள் ஒரு வேரின் இரண்டு கிளைகள், ஒன்று லத்தீன் வழியாகவும் மற்றொன்று சமஸ்கிருதம் வழியாகவும் வந்து சந்திக்கின்றன என்பதை நான் அந்தப் பக்கத்தில் நின்றுதான் உணர்ந்தேன். அன்று மாலை வேறு வேலை எதுவும் நடக்கவில்லை.

பொருள் தடம் மாறும் சொற்களிலும் இந்த அகராதி நன்றாக வேலை செய்கிறது. ‘நைஸ்’ என்ற எளிய அடைமொழியின் பதிவைப் படித்தால், அது 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது ‘முட்டாள்தனமான’ என்று பொருள்பட்டது தெரியவரும். லத்தீனில் ‘அறியாத’ என்று பொருள்படும் சொல்லின் வழி வந்தது அது. ‘சயின்ஸ்’ என்பதில் உள்ள அறிதலைக் குறிக்கும் பகுதிதான், எதிர்மறை முன்னொட்டுடன் இதிலும் இருக்கிறது. அங்கிருந்து கூச்சமுள்ள, நுணுக்கம் பார்க்கிற, மென்மையான, நுண்ணிய என்று நகர்ந்து, 18ஆம் நூற்றாண்டில்தான் ‘இனிய’ என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. இன்றைய ஆங்கிலத்தில் ‘நுண்ணிய’ என்ற இடைக்காலப் பொருள் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. நம் சமையலறையிலோ ‘மாவை நைசாக அரை’ என்றுதான் இன்றும் சொல்கிறோம். யாருக்கும் தெரியாமல் கூட்டத்திலிருந்து ‘நைசாக நழுவுகிறவர்கள்’ வேறு இருக்கிறார்கள். ஆங்கிலம் தொலைத்ததைத் தமிழ் அம்மிக்கல்லருகே பத்திரப்படுத்தியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இதை அந்தப் பதிவு சொல்லவில்லை. ஆனால் அப்படி யோசிக்க வைத்தது அந்தப் பதிவுதான்.

குறைகள் என்று சொல்வதைவிட எல்லைகள் என்று சொல்வதே பொருந்தும். இதில் தரப்படும் ஆண்டுகளைப் பலர் சொல் பிறந்த ஆண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவை எழுத்தில் முதலில் அகப்பட்ட ஆண்டுகள் மட்டுமே. சிப்பாய்களின் பேச்சில் ‘போஷ்’ 1914க்கு முன்பே உலவியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நூலாசிரியர் அதை அவர்களுடைய வழக்குச் சொல் என்று விளக்கியிருக்க மாட்டார். ஒரு சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் நூற்றாண்டு வாரியாக மேற்கோள் வேண்டுமென்றால் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்குத்தான் போக வேண்டும். வாசகர்களிடமிருந்து துண்டுச் சீட்டுகளில் மேற்கோள்களைத் திரட்டி, 1884இல் முதல் பகுதியை வெளியிட்டு, 1928இல் முடித்த அந்த மாபெரும் வேலையின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்தது. 2000இலிருந்து இணையத்திலும் இருக்கிறது, ஆனால் முழுமையாகப் பயன்படுத்தச் சந்தா வேண்டும். ‘போஷ்’ஷின் பிறப்பை உறுதியாகச் சொல்ல முடியாது என்பதில் அதுவும் இதுவும் ஒரே குரலில்தான் பேசுகின்றன. பல்கலைக்கழக நூலகத்தின் வழியே அதை எட்ட முடிந்தவர்களுக்கு அது மூத்த துணை. மற்றவர்களுக்கு எட்டிமான்லைன் தாராளமாகப் போதும். நடை சற்று இறுக்கமானது என்பதையும் சொல்ல வேண்டும்: பழைய ஆங்கிலம், இடைக்கால ஆங்கிலம், பழைய பிரெஞ்சு என்று ஒரே வாக்கியத்தில் நான்கு மொழிகளைத் தாண்டிப் போகும் எழுத்து, பழகும் வரை மூச்சு வாங்க வைக்கும்.

தமிழ் வாசகருக்கென்று தனியாக ஓர் எல்லை இருக்கிறது. ‘கறி’, ‘கட்டுமரம்’, ‘சுருட்டு’ ஆகியவற்றிலிருந்து வந்த ஆங்கிலச் சொற்களைத் தேடினால் தமிழ் மூலத்தை அகராதி சரியாகவே குறிப்பிடுகிறது. ஆனால் இந்தோ-ஐரோப்பியச் சொற்களுக்குத் திறக்கும் வேர்ப் பக்கம்போல் ஒன்று இங்கே திறப்பதில்லை. தமிழ்ச் சொல்லோடு பாதை முடிந்துவிடும். அதற்கு அப்பால் மலையாளம், கன்னடம், தெலுங்கு என்று உறவு தேடுகிறவர்கள் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதிக்குப் போக வேண்டும். 1984இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனாலும், ஆங்கிலச் சொற்களெல்லாம் தமிழிலிருந்து போனவை என்று உற்சாகமாகச் சொல்லும் உறவினர் எல்லார் வீட்டிலும் ஒருவர் இருக்கிறாரே, அவருக்கு எட்டிமான்லைன் ஒரு நல்ல பரிசு. நம் ‘எட்டு’ம் அவர்களுடைய ‘எய்ட்’டும் ஒன்று என்பார். அகராதி அந்தச் சொல்லின் பழைய வடிவங்களைக் காட்டும்: பழைய ஆங்கிலத்தில் இடையில் ஒரு ஹகர ஒலி, லத்தீனில் ‘ஆக்டோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. நம் எட்டோ பின்னோக்கிப் போனால் எண்பதிலும் எண்திசையிலும் உள்ள ‘எண்’ ஆகிறது. உண்மையான உறவினர்கள் என்றால் காலத்தில் பின்னே போகப் போக நெருங்க வேண்டும். இவர்கள் விலகிப் போகிறார்கள்.

‘போஷ்’ஷுக்கே திரும்புகிறேன், ஏனென்றால் எட்டிமான்லைன் நிறுத்திய இடத்திலிருந்து இன்னும் ஓரடி எடுத்துவைக்க வழி இருக்கிறது. ரோமானி ஓர் இந்திய-ஆரிய மொழி. ஐரோப்பாவெங்கும் பரவிய ரோமா மக்களின் பேச்சுக்கு இந்திய மொழிகளோடு உறவு உண்டென்று ஜெர்மானிய அறிஞர் ரூடிகர் 1782இலேயே எழுதிவிட்டார். பாதியைக் குறிக்கும் அந்த ரோமானிச் சொல்லை, பக்கம், விலாப்புறம் என்று பொருள்படும் சமஸ்கிருதப் ‘பார்சுவ’த்தோடு இணைக்கிறார்கள். அந்தப் பார்சுவம் தமிழில் ‘பாரிசம்’ ஆகி, உடலின் ஒரு பக்கம் செயலிழக்கும் நோய்க்குப் பாரிசவாயு என்ற பெயரைக் கொடுத்தது. இலங்கையில் அதைப் பாரிசவாதம் என்பார்கள். ரோமானி வழி சரியென்று வைத்துக்கொண்டால், இந்தியாவோடு ‘போஷ்’ஷுக்கு உள்ள உறவு பி அண்ட் ஓ கப்பலில் சீமான்களோடு ஏறி வந்ததன்று, பல நூற்றாண்டுகளுக்கு முன் கால்நடையாக மேற்கே போன எளியவர்களின் நாவில் போனது. அந்தச் செயலியின் கதையில் இந்தியா வெயில் அடிக்கும் ஒரு துறைமுகமாக மட்டுமே இருந்தது. ஆனால் இந்த அடியையும் நான் ‘என்று வைத்துக்கொண்டால்’ என்ற சொற்களோடுதான் எடுத்துவைக்கிறேன். அந்தப் பழக்கம் இரண்டு நாள் எட்டிமான்லைனோடு இருந்ததில் ஒட்டிக்கொண்டது.

மொழிபெயர்ப்பாளர்கள், ஆங்கில ஆசிரியர்கள், கேள்வி கேட்கும் பிள்ளைகளுள்ள பெற்றோர் ஆகியோருக்கு இந்த அகராதியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வெறும் பொருள் மட்டும் வேண்டுகிறவர்களுக்கு இது ஏற்றதன்று. அதற்குச் சாதாரண ஆங்கில-தமிழ் அகராதியே விரைவானது. செயலியின் சந்தாவை அடுத்த ஆண்டு புதுப்பிக்கப் போவதில்லை.

கதையில் அந்தப் பெண்ணின் பேச்சைக் கடைசியில் ‘பவிசான பேச்சு’ என்று எழுதினேன். ‘அவன் பவிசைப் பார்’ என்று நம் ஊரில் சொல்லும்போது உள்ள அதே கேலியும், கேலிக்கு அடியில் உள்ள அதே ஏக்கமும் அதில் இருக்கின்றன. ஒலியும் ஏறக்குறைய ஒத்துப்போவதால், ‘பவிசு’தான் கப்பலேறி ‘போஷ்’ ஆயிற்று என்று யாராவது நாளைக்கே எழுதக்கூடும். அடிக்குறிப்பை நீக்கிவிட்டேன்.